வெள்ளைக் கால்சட்டையும் மேற்குக் காற்றும்

"இனிமே இந்த வீட்டுல ஒரு சொட்டு எண்ணெய் எரியாது!"

நான் இப்படி மேஜையைத் தட்டிச் சபதம் செய்தது 1979 அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை. தட்டிய வேகத்தில் கோப்பை துள்ளி, என் மனைவி ஆஸ்டா அன்றுதான் வெளுத்து விரித்திருந்த மேஜைத் துணியில் காப்பி கொட்டியது. பெரிய சபதங்கள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்போல. அவள் துடைக்கிற துணியை என் கையில் கொடுத்தாள்.

"ரேடியோல என்ன சொன்னான்?"

"உலகத்துல எண்ணெய் தீந்துக்கிட்டே வருதாம். இன்னும் முப்பது வருஷத்துக்குத்தான் வருமாம்."

"நம்ம தொட்டியில?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும்."

"அப்போ உலகத்துக்கு ஒண்ணும் அவசரமில்ல. நமக்குத்தான்."

நான் ஏவால்ட். டென்மார்க்கின் மேற்குக் கரையில், கடலுக்கும் உருளைக்கிழங்கு வயலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊரில் தபால்காரன். இருபத்திரண்டு வருஷமாக மேற்குக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதிக்கிறேன். போகும்போதும் எதிர்க்காற்று, திரும்பும்போதும் எதிர்க்காற்று. அது எப்படி என்று கேட்காதீர்கள், எங்கள் ஊருக்கு வந்து மிதித்துப் பாருங்கள். இவ்வளவு பலமான ஒரு ஆசாமி, ஊருக்குள் தினமும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறானே, அவனைப் பிடித்து வேலைக்கு வைத்தால் என்ன? இதுதான் என் யோசனை.

இந்த இடத்தில் வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் எல்லோரும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவார்கள். ஆண்களுக்கு வியாழக்கிழமை மாலை ஏழு மணி. மார்ச் மாதம் ஊர் கூடி வசந்த விழா நடக்கும். ஆண்கள் கொடி பிடித்து அணிவகுத்து வந்து, பியானோ வாசிக்க வாசிக்கக் குனிந்து நிமிர்ந்து, கடைசியில் ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் கட்டுவார்கள். இதற்குச் சீருடை உண்டு. உடம்போடு ஒட்டிய வெள்ளைக் கால்சட்டை. தபால்காரனுக்குத் தெரியாத ஊர் ரகசியம் கிடையாது. அந்தக் கால்சட்டையைப் போட்டால் தபால்காரனின் ரகசியமும் ஊருக்குத் தெரிந்துவிடும். எனக்கு வயது ஐம்பத்தொன்று. தொப்பையை விட்டுவிடுவோம்.

கோபுரத்துக்குப் பத்துப் பேர் வேண்டும். எங்கள் ஊரில் ஒன்பது பேர்தான். பத்துப் பேர் இருந்தால் அது கோபுரம், ஒன்பது பேர் இருந்தால் அது விபத்து. போன வருஷம் விபத்துதான் நடந்தது. பயிற்சி கொடுக்கும் ஆசிரியைக்கு ஊர் முன்னால் தலைகுனிவு. ஆசிரியை யார்? ஆஸ்டா.

பதினோரு வருஷமாக என்னைக் காப்பாற்றியது நிலவறையில் இருந்த எண்ணெய் பாய்லர். வயதானது, முணுமுணுக்கும், இருமும், யாராவது பக்கத்தில் இல்லாவிட்டால் அணைந்துவிடும். வியாழக்கிழமை மாலை ஆறரை ஆனால் அதற்குக் கட்டாயம் உடம்பு சரியில்லாமல் போகும்.

"ஆஸ்டா, நான் வந்தா பாய்லரை யாரு பாத்துக்கிறது? நீ திரும்பி வரும்போது வீடு ஐஸா இருக்குமே?"

அவள் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவாள். நான் கீழே போய், பாய்லருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, காலை நீட்டி, சுருட்டைப் பற்றவைப்பேன். எங்கள் தாம்பத்தியத்தின் அஸ்திவாரமே அந்தப் பாய்லர்தான். அதை ஒழிக்கப்போவதாக நானே சபதம் போட்டேன் பாருங்கள்! ஆர்வம் வந்தால் மனிதனுக்குக் கண் தெரியாது.

ஆர்வத்துக்குக் காரணம் ஒரு துண்டுப் பிரசுரம். காற்றாடி சுற்றினால் கீழே ஒரு தொட்டியில் துடுப்புகள் சுற்றும், துடுப்புகள் தண்ணீரைக் கடையும், கடையக் கடையத் தண்ணீர் சூடாகும் என்று அதில் போட்டிருந்தது. மின்சாரம் வேண்டாம், நெருப்பு வேண்டாம், மோர் கடைகிற மாதிரி வெந்நீர் கடைந்துகொள்ளலாம். என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. சமையலறைக்குப் போனேன். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, முட்டை அடிக்கிற கருவியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

"என்ன பண்றே?"

"தண்ணி சூடு பண்றேன்."

"அடுப்பு உனக்குப் பின்னாடிதான் இருக்கு, ஏவால்ட்."

"நெருப்பில்லாம சூடு பண்றேன். தெர்மாமீட்டரைப் பாரு!"

முக்கால் மணி நேரம் சுற்றினேன். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. தெர்மாமீட்டர் ஒன்றரை டிகிரி ஏறியிருந்தது.

"பாத்தியா! ஒன்றரை டிகிரி!"

"உன் வேர்வை உள்ள சொட்டிச்சு. அந்தச் சூடா இருக்கும்." ஆனால் அவளும் தெர்மாமீட்டரை வாங்கி ஒரு முறைக்கு இரு முறை பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "இது நடந்துச்சுன்னா பாய்லர் வேண்டாம்ல?"

"வேண்டவே வேண்டாம்."

"பக்கத்துல ஆள் உக்கார வேண்டாம்ல?"

"எதுக்கு? அது பாட்டுக்குச் சுத்தும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிக்க என்ன இருக்கு!"

"அப்போ கட்டு" என்றாள். உடனே அளவு நாடாவை எடுத்து வந்து என் இடுப்பைச் சுற்றினாள். பிறகு தொடை. பிறகு கால் நீளம்.

"இது எதுக்கு?"

"அவ்வளவு உசரம் ஏறப்போறே. விழாம இருக்க இடுப்புவார் தைக்க வேண்டாமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் வேலை நடந்தது. மூன்று பழைய தந்திக் கம்பங்கள், ஒரு லாரியின் பின் அச்சு, நானே செதுக்கிய பைன் மர இறக்கைகள். தண்ணீர் கடைய நல்ல கனமான தொட்டி வேண்டியிருந்தது. தோட்டத்தில் கிடந்த எண்ணெய்த் தொட்டியைக் காலி செய்து பாதியாக அறுத்தேன். நிலவறையில் இடம் வேண்டியிருந்தது. பாய்லரைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தேன். ஆஸ்டா வாசலில் நின்று, "ஒரு தடவை போனா போனதுதான், ஏவால்ட்" என்று எச்சரித்தாள். "போகட்டும்!" என்றேன். வண்டியில் போகும்போது பாய்லர் கடைசியாக ஒரு முறை இருமிய மாதிரி இருந்தது.

நவம்பர் நடுவில் காற்றாடி சுற்றியது. ஊரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் க்ரெஸ்டன், நாற்பது கறவை மாடு வைத்திருப்பவர், நூறு கிலோ எடை, நாளைக்கு மொத்தமாகப் பத்து வார்த்தை பேசுவார். வாயிலிருந்து புகையிலைக் குழாயை எடுத்துவிட்டுச் சொன்னார்: "மோசமில்ல."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்று பெண்ணைப் பார்த்து மாப்பிள்ளை சொல்வதும் அதுதான்.

காற்றாடி மோசமில்லை. வீடுதான் மோசம். சுற்றியது, கடைந்தது, தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் ஆனது. ஆனால் அந்த வெதுவெதுப்பு எங்கள் பூனைக்குத்தான் போதுமாக இருந்தது. அது தொட்டி மூடி மேல் சுருண்டு படுத்துக்கொண்டது. நாங்கள் கோட்டு போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். ஆஸ்டா கையுறையோடு ரொட்டியில் வெண்ணெய் தடவினாள்.

"தண்ணி பழகணும். புதுசுல்ல?" என்றேன்.

"பழகும் பழகும். பாவம், டயம் குடு" என்றாள். ஒரு குத்தல் இல்லை, ஒரு கிண்டல் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் நான் தபால் கொடுத்துவிட்டு வந்தபோது தோட்டத்தில் நீளமாகப் பள்ளம் தோண்டி மூடியிருந்தது. க்ரெஸ்டன் மண்வெட்டியோடு போய்க்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"சாக்கடை அடைச்சுக்கிச்சு. க்ரெஸ்டன் சரி பண்ணிக் குடுத்தாரு" என்றாள் ஆஸ்டா.

மறுநாளிலிருந்து வீடு சூடானது. சும்மா இல்லை, இருபத்தோரு டிகிரி! அறைக்கு அறை சுவரோரம் நின்ற இரும்புக் கணப்புகளைத் தொட்டால் கை சுட்டது. நான் அறை அறையாக ஓடி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் பழகிவிட்டது! என் கணக்கில் இரண்டு விஷயம் மட்டும் இடித்தது. ஒன்று, பூனை. தொட்டி மேல் படுத்திருந்த பூனை, நிலவறையின் கிழக்கு மூலைக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்தது. அங்கே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை, பழைய சாக்குகள். இரண்டு, கேக். சனிக்கிழமைதோறும் ஆஸ்டா க்ரீம் வைத்து மூன்று அடுக்கு கேக் செய்வாள். டிசம்பரிலிருந்து வீட்டில் கேக் வாசனை மட்டும்தான் வந்தது, கேக் வரவில்லை. கேட்டால், "உன் உடம்புக்கு ஆகாது" என்றாள்.

எண்ணெய்ப் பஞ்சத்துக்கு விடிவு கண்டவன் கேக்கைப் பற்றிக் கவலைப்படலாமா? படவில்லை. தபால் பையோடு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கடிதம் கொடுக்க அரை நிமிஷம், காற்றாடியை விளக்க அரை மணி. ஜனவரியில் பக்கத்து நகரத்திலிருந்து பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு வந்தார். வரவேற்பறையில் உட்கார்ந்ததும் கோட்டைக் கழற்றினார், பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினார்.

"நம்பவே முடியலீங்க. எல்லாம் காத்துதானா?"

"எல்லாம் காத்து" என்றேன்.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஆஸ்டா, ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்: "ஏவால்ட், இதைப் பாத்துக்கிறதுக்கு யாராவது பக்கத்துல இருக்கணுமா? இவர் எழுதிக்கிடுவார்ல."

"வேண்டவே வேண்டாம்! எழுதிக்குங்க. சாயங்காலம் ஆனா மேஜை மேல காலைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு ஒரு வேலையும் கிடையாது."

அப்படியே அச்சாகி வந்தது, படத்தோடு. படத்தில் என் கால் மேஜை மேல் இருந்தது. ஆஸ்டா அதை வெட்டி உடற்பயிற்சிக் கூடத்தின் கதவில் ஒட்டினாள். அடுத்த வியாழக்கிழமை மாலை ஆறரைக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கிளம்பலாமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் நாய்களிடமிருந்து தப்பித்தவன் நான். மூளை உடனே வேலை செய்தது.

"காத்து இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்ல, ஆஸ்டா. காத்து நின்னா? வீடு குளுந்து போச்சுன்னா? ஆள் இருக்கணுமே!"

"ஓ. அப்போ காத்தே இல்லாத நாள்லயும் வீடு சூடா இருந்துச்சுன்னா வருவியா?"

"கட்டாயம்."

"கோபுரத்துக்கும்?"

"கோபுரத்துக்கும்! கை குடு!"

கையடித்தோம். மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். காற்று இல்லாமல் காற்றாடி எப்படிச் சூடு கொடுக்கும்? நான்தானே கட்டினேன், எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி முதல் வாரத்தில் காற்று நின்றது. எங்கள் ஊரில் காற்று நிற்பது கிரகணம் மாதிரி, ஜனங்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். பனி ஒரு முழம் விழுந்து அப்படியே உறைந்தது. புகைபோக்கிகளின் புகை கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. என் காற்றாடியின் இறக்கையில் ஒரு காகம் உட்கார்ந்து, மூன்று நாள் எழுந்திருக்கவே இல்லை.

வரவேற்பறைத் தெர்மாமீட்டருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டேன். இறங்கு, இறங்கு என்று வேண்டிக்கொண்டேன். இருபத்தொன்று. ஜன்னலை லேசாகத் திறந்து வைத்தேன். இருபத்தொன்று. அந்தச் சமயம் பார்த்துக் கூட்டுறவுக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "காத்து இல்லாட்டியும் சூடா இருக்கே, எப்படி?" என்று கேட்டார். "தண்ணி சூட்டை ஞாபகம் வெச்சிருக்கும்ல" என்று பெருமையாக விளக்கினேன். அவர் போனதும் மறுபடியும் இறங்கு, இறங்கு என்று வேண்டினேன். தன் கண்டுபிடிப்பு தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட கண்டுபிடிப்பாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் பயம் போய் ஆர்வம் வந்துவிட்டது. தண்ணீருக்கு நிஜமாகவே ஞாபகசக்தி இருக்கிறதா? கீழே போய்த் தொட்டியில் கை விட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. மேலே வந்து கணப்பைத் தொட்டேன். சுட்டது. மறுபடியும் கீழே போனேன். பூனை கிழக்கு மூலையில் மல்லாந்து கிடந்தது. பூனையைத் தூக்கினேன். சாக்கைத் தூக்கினேன். சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு குழாய்கள் உள்ளே வந்திருந்தன. துணி சுற்றியிருந்தது. தொட்டால் வெந்நீர்.

தோட்டத்துக்கு ஓடினேன். எங்கும் வெள்ளைப் பனி. நடுவில் மட்டும், என் நிலவறையிலிருந்து வேலியைத் தாண்டி, ஒரு சாண் அகலத்துக்குப் பனி உருகி, கோடு போட்ட மாதிரி பச்சைப் புல். பிப்ரவரியில் பச்சைப் புல்! அந்தக் கோட்டின் மேலேயே நடந்தேன். அது நேராக க்ரெஸ்டனின் மாட்டுக்கொட்டகைக்குப் போய் முடிந்தது.

க்ரெஸ்டன் பால் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. தட்டில் மூன்று அடுக்கு க்ரீம் கேக்.

"க்ரெஸ்டன்! என்ன இது?"

"கேக்."

"குழாயைக் கேக்கறேன்!"

அவர் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "பால் கறந்தா சூடா இருக்கும். ஆற வெக்கணும். மெஷின் ஆற வெக்குது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கை வெச்சுப் பாத்திருக்கியா? சுடும்ல, அதே கதைதான். நாப்பது மாட்டுப் பால் சூடு சும்மா வெளியே போச்சு. ஆஸ்டா கேட்டா. குடுத்தேன்."

"எனக்குத் தெரியாமலா?"

"போன வருஷம் கோபுரம் சரிஞ்சப்போ நான் கீழ விழுந்தேன், ஏவால்ட். கீழ் வரிசைக்கு ஒரு ஆள் வேணும்." இன்னொரு துண்டு வெட்டினார். "கேக்கும் மோசமில்ல."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. சமையலறையில் ஆஸ்டா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபிடிச்சுட்டேன்! மாடு! எல்லாம் மாடு! என் காத்தாடி இல்ல!"

"உக்காரு. மூச்சு வாங்குது பாரு."

"பந்தயம் செல்லாது!"

"ஏன் செல்லாது? காத்து இல்லாத நாள்ல வீடு சூடா இருந்தா வருவேன்னே. சூடா இருக்கா இல்லையா? யாரு சூடு பண்ணாங்கன்னு நான் கேட்டேனா?"

"ஊர்ல சொல்லுவேன்!"

"சொல்லு. பத்திரிகைக்காரர் நம்பர் டெலிபோன் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கேன். 'எல்லாம் காத்து'ன்னு சொன்னேனே, அது எல்லாம் பாலுன்னு சொல்லு. காலை மேஜை மேல போட்டு ஒரு போட்டோ எடுத்தாரே, அதுக்குப் பதிலா மாட்டோட நின்னு ஒண்ணு எடுத்துக்கலாம்."

ரிசீவரை எடுத்தேன். வைத்தேன். வீடு வீடாக நான் அரை மணி நேரம் விளக்கியது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. நூற்றுப் பன்னிரண்டு வீடு.

"நான் மறுபடியும் எண்ணெய்க்கே போயிடறேன்!" என்று கத்தினேன்.

"தொட்டியை யாரு அறுத்தது? பாய்லரை யாரு குடுத்தது? போனா போனதுதான்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

சொன்னாள். வாசலில் நின்று சொன்னாள். அவமானமாக இருந்தது, உண்மையாகவே வலித்தது. ஒரு மாதம் ராப்பகலாகச் செதுக்கிய இறக்கைகள் அவை. அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காத்தாடி சுத்துது, ஏவால்ட். நீ கட்டினது சுத்துது. தண்ணி சூடாச்சு, நான் தொட்டுப் பாத்தேன். அடுத்த வருஷம் இறக்கையைப் பெருசு பண்ணு, நானும் கூட வர்றேன். இந்த வருஷம் கோபுரத்துக்கு வா."

பிறகு அலமாரியைத் திறந்து ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். வெள்ளைக் கால்சட்டை. போட்டுப் பார்த்தேன். இடுப்பு சரியாக இருந்தது. தொடை சரியாக இருந்தது. நீளம் ஒரு நூல் கூடக் குறையவில்லை.

"இவ்வளவு கச்சிதமா... எப்போ தைச்சே?"

"அக்டோபர்ல. நீ தண்ணியை அடிச்சுக்கிட்டு இருந்தியே, அன்னைக்கு ராத்திரி."

இடுப்புவார் வரவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மார்ச் மாத விழாவில் கூடம் நிரம்பி வழிந்தது. எண்ணெயை மிச்சப்படுத்துகிறோம் என்று கூடத்தில் கணப்பை அணைத்திருந்தார்கள். ஜனங்கள் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார்கள். பியானோ ஒலித்தது. நாங்கள் பத்துப் பேரும் அணிவகுத்து வந்தோம். நான் கடைசி வரிசையில், கீழே, முழங்காலும் கையும் ஊன்றிக் குனிந்தேன். என் முதுகில் க்ரெஸ்டன் ஏறினார், நூறு கிலோவோடு நான்கு மாதத்து கேக்கும் சேர்ந்து. அவர் மேல் இன்னொருவர், அவர் மேல் இன்னொருவர். வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. என் முதுகிலிருந்து ஆவி எழும்புவது முன்வரிசைக்குத் தெரிந்தது. கோபுரம் நின்றது. ஊர் எழுந்து நின்று கைதட்டியது.

"எப்படி இருக்கு?" என்று கீழேயிருந்து முனகினேன்.

"மோசமில்ல" என்றார் க்ரெஸ்டன்.

எனக்கு நேர் எதிரே நின்ற ஆஸ்டா, குளிருக்கு இரண்டு கைகளையும் என் முதுகுப் பக்கம் நீட்டிக் காய்ந்துகொண்டே, பியானோக்காரியிடம் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது:

"இவர்கிட்டயே இவ்வளவு சூடு இருக்கும்னு தெரிஞ்சிருந்தா, நான் மாட்டைத் தேடியே போயிருக்க மாட்டேன்."